பர்மிங்ஹாம் முதல் பாரிஸ் வரை: 'லண்டன் இன்டர்நேஷனல்' டிக்கெட் எடுத்தவர்கள் யாராவது?

வணக்கம் நண்பர்களே. அடுத்த மாதம் பாரிஸில் அத்தை வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிறோம். பர்மிங்ஹாமிலிருந்து லண்டன் யூஸ்டன் ஸ்டேஷன், அங்கிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டு கால் மணி நேரம் நடந்தால் செயின்ட் பாங்க்ரஸ் ஸ்டேஷன், அப்புறம் பாரிஸுக்கு யூரோஸ்டார் ரயில்.

போன தடவை இரண்டையும் தனித்தனியாக, மலிவு விலை டிக்கெட்டாக எடுத்துச் சூடுபட்டேன். சிக்னல் கோளாறில் முதல் ரயில் வழியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றுவிட்டது. மூச்சிரைக்க ஓடிச் சேர்ந்தபோது கேட்டை மூடியிருந்தார்கள். தோளில் பிள்ளை தூங்குகிறது, பையில் அத்தைக்கான முறுக்கு நொறுங்கிக் கிடக்கிறது. நான்கு பேருக்கும் புதிதாக டிக்கெட். தொகையைச் சொன்னால் இப்போதும் வயிறு எரியும்.

இந்த முறை 'லண்டன் இன்டர்நேஷனல் சி.ஐ.வி.' என்று அச்சிட்டு வரும் டிக்கெட்டை எடுக்கலாம் என்றிருக்கிறேன். வெளிநாட்டு ரயிலைப் பிடிக்கப் போகிறவர்களுக்கென்றே உள்ள உள்நாட்டு டிக்கெட் அது. உள்நாட்டு ரயில் தாமதமாகி யூரோஸ்டார் தவறினால், இடமிருக்கும் அடுத்த வண்டியில் போகலாம். செக்-இன்னுக்குப் போதிய நேரம் விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, கேள்விக்கு வருகிறேன். பக்கத்து ஸ்டேஷன் கவுண்டரில் கேட்டேன், அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். சமீபத்தில் யாராவது இதை வாங்கினீர்களா? கவுண்டரிலா, ஆன்லைனிலா? உண்மையிலேயே தாமதமானபோது யாரிடம் போய்ச் சொன்னீர்கள், டிக்கெட்டில் முத்திரை ஏதும் வாங்க வேண்டியிருந்ததா? சனிக்கிழமைக்குள் எடுத்தாக வேண்டும்.