அரபு நாடுகளில் பெண்கள் தலையை மூடியே ஆக வேண்டும் என்பது சட்டமா?

கேள்வி (கூத்தாநல்லூர் வாசகி):

என் கணவர் சவூதி அரேபியாவின் தம்மாமில் வேலை பார்த்தபோது, 2011 முதல் 2015 வரை நானும் அங்கே குடியிருந்தேன். ஒரு மாலை கடைத்தெருவில் கைக்குழந்தையைத் தோள் மாற்றும்போது என் தலைத்துணி நழுவிவிட்டது. அங்கு நின்ற முத்தவ்வா (மார்க்கக் காவலர்) ஒருவர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் என் கணவரிடம் சத்தம் போட்டார். துணியை இழுத்துவிட எனக்குக் கை ஒழியவில்லை. நான் அங்கே நிற்கவே இல்லை என்பதுபோல் அவர் பேசியதுதான் இன்றும் உறுத்துகிறது.

சென்ற ஆண்டு உம்ராவுக்குப் போனபோது ஜித்தா கடற்கரையில் தலை மூடாத சவூதிப் பெண்களைப் பார்த்தேன். என் நன்னி வெள்ளைத் துப்பட்டி போர்த்தி ஆற்றங்கரை வழியாக நடந்து போன இதே ஊரில், பதிமூன்று வயதான என் மகள் கறுப்பு அங்கி இல்லாமல் டியூஷனுக்குப் புறப்பட்டால், "அரபு நாட்டில் இப்படி விடுவார்களா?" என்று உறவினர்கள் கேட்கிறார்கள். அங்கே சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

பதில் 1 (கும்பகோணம், வழக்கறிஞர்):

சகோதரி, அரபு நாடுகள் எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் என்று நம் பக்கத்தில் நினைத்துக்கொள்கிறோம். எகிப்து, ஜோர்டான், லெபனான், மொராக்கோ, துனீசியா ஆகிய நாடுகளில் தலையை மூடச் சொல்லும் சட்டமே இல்லை. கெய்ரோ ரயில் நிலையத்தில் எகிப்தியப் பெண்ணுரிமைப் போராளி ஹுதா ஷஅராவி தம் முகத்திரையை விலக்கியது 1923-இல். சவூதியில் முத்தவ்வாக்களின் கைது செய்யும் அதிகாரம் 2016-இல் பறிக்கப்பட்டது. 2018-இல் பட்டத்து இளவரசர், மார்க்கம் கேட்பது கண்ணியமான உடையைத்தான், கறுப்பு அபாயாவை (முழு நீள அங்கியை) அது குறிப்பிடவில்லை என்று தொலைக்காட்சிப் பேட்டியில் கூறினார். நீங்கள் ஜித்தாவில் கண்டது அதற்குப் பின் வந்த மாற்றம். கட்டாயச் சட்டத்தை எதிர்த்து 2022-இல் பெண்கள் தெருவில் இறங்கிய ஈரான், அரபு நாடே அல்ல.

கட்டாயம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மக்காவில் 2002 மார்ச்சில் நடந்த பள்ளித் தீவிபத்தை மறக்க முடியாது. பதினைந்து மாணவிகள் இறந்தார்கள். தலை மூடாமல் ஓடிவந்த பிள்ளைகளை முத்தவ்வாக்கள் தடுத்தார்கள் என்று சவூதிப் பத்திரிகைகளே எழுதின.

பதில் 2 (நாகூர் வாசகி):

அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா. நான் தலையை மூடுகிறவள், மனம் விரும்பியே மூடுகிறேன். அதனால்தான் வற்புறுத்தலை ஏற்க முடியவில்லை. பெண்களின் உடை பற்றிச் சொல்லும் குர்ஆனின் அந்நூர் அத்தியாயம் 31ஆம் வசனத்தை எல்லோரும் நமக்கு ஓதிக் காட்டுகிறார்கள். பார்வையைத் தாழ்த்தும்படி ஆண்களுக்குச் சொல்லும் 30ஆம் வசனம் அதற்கு முன்னே இருப்பதைச் சொல்பவர்கள் குறைவு. தலை மூடாத பெண்ணுக்கு இவ்வுலகத் தண்டனை எதையும் குர்ஆன் விதிக்கவில்லை.

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். சட்டம் இல்லாவிட்டால் கட்டாயம் இல்லை என்று ஆகிவிடாது. கூத்தாநல்லூரில் எந்தச் சட்டம் இருக்கிறது? வீடும் தெருவும் போதுமே. அதேபோல், துனீசியாவில் 1981-இல் அரசு அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் தலைத்துணிக்குத் தடை போட்டார்கள். விரும்பி மூடிய பெண்ணுக்கு அதுவும் கொடுமைதான். போடு என்பதும் கழற்று என்பதும் அவளைக் கேளாமல் எடுக்கும் முடிவுகள்தாம். பிள்ளையின் மனத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் அவளிடம் கேளுங்கள்.

கேட்டவரின் மறுமொழி:

இருவருக்கும் நன்றி. மகளிடம் கேட்டேன். தொழுகைக்கும் மதரஸாவுக்கும் மூடிக்கொள்வதாகவும், டியூஷனுக்குச் சுடிதாரும் துப்பட்டாவும் போதும் என்றும் சொன்னாள். அப்படியே போகட்டும், உறவினர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். அந்த 30ஆம் வசனத்தை அவளுடைய அண்ணனுக்கு நான் இதுவரை சொல்லிக் கொடுத்ததே இல்லை. இன்று மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு அவனை உட்கார வைக்கப் போகிறேன்.