புகைபோக்கி வைத்த விறகடுப்பு ஐந்தாம் ஆண்டில் புகைவது ஏன்?

கேள்வி (திருவையாறு):
எங்கள் வீட்டுக் கொல்லையில் களிமண்ணும் உமியும் குழைத்துக் கட்டிய அடுப்பு, தகரப் புகைபோக்கியுடன், முதல் மூன்று ஆண்டுகள் குறை சொல்ல முடியாமல் எரிந்தது. ஆனால் இப்போது ஐப்பசி மழை தொடங்கியதும் புகை அடுப்பின் வாய் வழியாகவே திரும்புகிறது. விறகும் முன்னைவிட அதிகம் பிடிக்கிறது. இடித்துக் கட்ட வேண்டுமா?

பதில் (மன்னார்குடி):
இடிக்க வேண்டாம், ஐயா. புதிதாக வெட்டிய மரத்தின் எடையில் ஏறக்குறைய பாதி நீர்தான். அதை ஆவியாக்குவதிலேயே வெப்பம் செலவாவதால் தீ குளிர்ந்து, எரியாத புகை தாராகவும் கரியாகவும் குழாயின் உட்புறம் படிந்து, வழியைக் குறுக்கிவிடுகிறது. மூங்கில் நுனியில் சாக்கைச் சுற்றி மாதம் ஒருமுறை துடையுங்கள். விறகைப் பங்குனியிலேயே பிளந்து, கூரைக்கடியில் காற்றாட அடுக்க வேண்டும். மழையில் நனைந்த பிறகு வருந்திப் பயனில்லை.

பதில் (வேதாரண்யம்):
2018 நவம்பரில் கஜா புயலில் சாய்ந்த தென்னைகளை ஓராண்டுக்கு மேல் எரித்தோம். நார் நிறைந்த அந்தத் தண்டு ஈரத்தை எளிதில் விடுவதில்லை. எங்கள் புகைபோக்கி அடைபட்டது அப்போதுதான். சவுக்குக்கு மாறினோம். பாத்திரத்துக்கும் அடுப்புக்கும் இடையில் தேய்ந்த விளிம்பையும் மண் பூசிச் சரிசெய்யுங்கள்; விறகு கூடுதலாகப் பிடிப்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

கேட்டவர்:
துடைத்தேன். அரை வாளிக் கரி விழுந்தது, புகை மேலேறுகிறது. விளிம்பை மழை விட்டதும் பூசுகிறேன்.