புதுப்பிப்பு: ரெவிட் வெட்டுத்தோற்றத்தில் காணாமல் போன உத்தரங்கள்

கட்டட வடிவமைப்பு மென்பொருளான ரெவிட்டில், முப்பரிமாணத் தோற்றத்தில் தெளிவாகத் தெரியும் உத்தரங்கள் வெட்டுத்தோற்றத்தில் (கட்டடத்தை வெட்டிப் பார்ப்பது போன்ற தோற்றத்தில்) மட்டும் ஏன் தெரிவதில்லை என்றும், பொருள்வகைகளைக் காட்டவும் மறைக்கவும் உதவும் சாளரம் ஏன் மாற்றத்தை ஏற்பதில்லை என்றும் முன்பு கேட்டிருந்தேன். இரண்டுக்கும் காரணம் கிடைத்துவிட்டது.

இரண்டாவது எளியது. அந்தத் தோற்றத்துக்கு ஒரு வியூ டெம்ப்ளேட் (பல தோற்றங்களுக்கு ஒரே காட்சி அமைப்புகளைத் தரும் வார்ப்புரு) இணைக்கப்பட்டிருந்தது. டெம்ப்ளேட் கட்டுப்படுத்தும் அமைப்புகளை டெம்ப்ளேட்டில்தான் மாற்ற வேண்டும், அல்லது அதன் இணைப்பை நீக்க வேண்டும்.

உத்தரங்களைப் பொறுத்தவரை, தோற்றத்தின் அடிப்பகுதியில் உள்ள மின்விளக்குக் குறியை அழுத்திப் பார்த்ததே திருப்பமாக அமைந்தது. ஒருவர் தேர்ந்தெடுத்து மறைத்த பொருள்களையும், வகை முழுவதுமாக அணைக்கப்பட்டவற்றையும் அது தனி நிறத்தில் காட்டும்; ஆனால் வெட்டுத்தோற்றத்தின் ஆழ எல்லைக்கு அப்பால் இருப்பவற்றைக் காட்டாது. அங்கும் உத்தரங்கள் தென்படாததால், யாரும் அவற்றை அவ்வாறு மறைக்கவில்லை என்பது உறுதியாயிற்று. தளப்படத்தில் வெட்டுக்கோட்டைத் தேர்ந்தெடுத்தபோது, ஆழத்தைக் குறிக்கும் புள்ளிக்கோடு உத்தரங்களுக்குச் சற்று முன்பே நின்றிருந்தது. அதை இழுத்து நீட்டியதும் அவை தோன்றின. ஆழ எல்லையும் சரியாக இருந்தால், அடுத்துக் கட்டுமானக் கட்டத்தையும் (phase), குழுவினர் பொருள்களைப் பிரித்து வைக்கும் பணித்தொகுப்பையும் (workset) சரிபார்க்கலாம்.

வெட்டுத்தோற்றம் பற்றி இன்னொன்று: வெட்டுக்கோடு நாற்காலியின் நடுவே சென்றாலும் நாற்காலி முழுமையாகவே தெரிவது பிழையன்று: ரெவிட்டில் அறைகலன்கள் வெட்டப்படாத வகையைச் சேர்ந்தவை. (எனக்கு இது இன்னும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.)