கட்டை அடி தொட்டும் ஜாக் விடுபடவில்லை: கிராண்ட் பியானோ ஆக்‌ஷன் சரிசெய்த அனுபவங்கள்

பழையதந்தி

வேறொரு பட்டறையில் வேலை பாதியில் நின்றுபோன கிராண்ட் பியானோ. ஆக்‌ஷனில், அதாவது விரலின் அழுத்தத்தைத் தந்திக்குக் கொண்டுபோகும் பொறியில், புதுச் சுத்தியல், அதைத் தாங்கும் புதுக் காம்பு, காம்பைத் தள்ளும் நெம்புகோலான புது விப்பன் எல்லாம் ஏற்கெனவே மாட்டியிருந்தார்கள். ரெகுலேஷன் (அளவுகளைச் சரிப்படுத்துவது) மட்டும்தான் பாக்கி என்று சொல்லி என்னிடம் வந்தது. வழக்கம்போல வீச்சு (சுத்தியலிலிருந்து தந்தி வரையுள்ள தூரம்) 45 மி.மீ., கட்டை இறக்கம் 10 மி.மீ., லெட்-ஆஃப் (ஜாக் விலகிச் சுத்தியலை விடுவிக்கும் இடம்) தந்திக்கு 1.5 மி.மீ. கீழே என்று வைத்தேன். கட்டையை மெதுவாக அழுத்தினால் அது ஃபெல்ட்டில் உட்கார்ந்துவிடுகிறது; சுத்தியலைத் தள்ளும் ஜாக், காம்பின் அடியிலுள்ள சிறு உருளையான நக்கிளின் அடியைவிட்டு நகரவே இல்லை. கட்டைமேல் விப்பனைத் தாங்கும் கேப்ஸ்டன் திருகை உயர்த்தி வீச்சைக் குறைத்தால் ஓசையில் வலு போய்விடுகிறது. இறக்கத்தைக் கூட்டினாலோ, சேற்றில் கால் புதைவதைப் போல விரல் இறங்குகிறது என்கிறார் வாசிப்பவர்.

பியானோவோடு வந்த உதிரிப் பெட்டியின் அடியில் பழைய காம்பு ஒன்று கிடந்தது. காம்பு சுழலும் அச்சான சென்டர் பின்னிலிருந்து நக்கிளின் நடு வரை காலிப்பரை வைத்தேன். 15.5 மி.மீ. புதுக் காம்பில் 17. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்த்தபோது, அந்த ஒன்றரை மி.மீ. நக்கிளின் சிவப்புத் துணி விளிம்பில் பளிச்சென்று தெரிந்தது. 15.5-இல் 45 மி.மீ. ஓடும் சுத்தியல், அதே கட்டை அசைவுக்கு 17-இல் சுமார் 41 தான் ஓடும். எந்தத் திருகைத் திருப்பினாலும் அந்த நான்கு மி.மீ. திரும்பி வராது.

கனமான சுத்தியலுக்குத் தொடுகையை இலகுவாக்கவே 17 போட்டிருப்பார்கள். காரணம் புரிகிறது. ஆனால் 88 காம்பையும் மாட்டுவதற்கு முன் ஒரே ஒரு கட்டையில் போட்டுப் பார்த்திருக்கலாமே! அதுதான் இன்னும் மனத்தை அரிக்கிறது.

மரமும்ஃபெல்ட்டும்

எனக்கு நேர்ந்தது வேறு. தந்தி உயரத்தைப் பழைய நிலையில் குறித்து வைத்துக்கொண்டு, லெட்-ஆஃப் முழுவதையும் மேசையிலேயே சரிசெய்தேன். ஆக்‌ஷனை உள்ளே தள்ளி உச்சப் பகுதியில் ஒரு கட்டையை அழுத்தினேன். சுரம் பிறந்த கணத்திலேயே செத்தது. சுத்தியல் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. விரலை எடுத்தால்தான் இறங்குகிறது. ஒலிப்பலகை வேலைக்குப் பிறகு இரும்புச் சட்டகம் பழைய உயரத்தில் உட்காரவில்லை. உச்சப் பகுதியில் மட்டும் தந்தி தாழ்ந்திருந்தது.

மென்மையாக வாசிக்கும்போது சுத்தியல் இரண்டு முறை அடிப்பது, துள்ளுவது எல்லாவற்றுக்கும் லெட்-ஆஃப்தான் காரணம் என்பது என் முடிவு. சுரத்தைத் திருப்பி அடிக்கச் சுத்தியலை எழுப்பும் ரிப்பிடிஷன் ஸ்பிரிங்கை யாரும் குறை சொல்ல வேண்டியதில்லை.

இரட்டைவிடுப்பு

மரமும்ஃபெல்ட்டும் அவர்களே, உங்கள் கடைசி வாக்கியத்தை ஏற்க முடியாது. லெட்-ஆஃப், டிராப் (விடுபட்டபின் சுத்தியல் சற்று இறங்கும் அளவு) இரண்டும் கச்சிதமாக இருந்தும் துள்ளிய ஆக்‌ஷனை என் கையால் பிரித்திருக்கிறேன். அதே சுரத்தை வேகமாகத் திருப்பி வாசித்தால் ஒலி விடுபடுகிறது என்று யாரோ ஸ்பிரிங்கை வளைத்து வளைத்து இறுக்கியிருந்தார்கள். அடித்துத் திரும்பும் சுத்தியலைப் பிடிக்கும் பேக்செக்கிலிருந்து ஸ்பிரிங் அதை உதைத்து எழுப்பியது. சுத்தியல் நிதானமாக எழ வேண்டும், விரலில் உதை தெரியக் கூடாது. ஸ்பிரிங்குக்கு அதுதான் அளவு.

ஆனால் மூல நோய் ஸ்பிரிங்கும் இல்லை. ஒரு விப்பனைக் கழற்றி, ஜாக்கை விரலால் தள்ளிவிட்டுக் கையை எடுத்தேன். சட்டென்று திரும்ப வேண்டிய ஜாக், தூக்கக் கலக்கத்தில் எழுபவரைப் போல மெதுவாகக்கூட வரவில்லை, பாதி வழியில் நின்றேவிட்டது! புது விப்பன்தான், ஆனால் ஈரக் காற்றில் புஷிங் துணி (பின் நுழையும் துளையின் உள்துணி) ஊதி சென்டர் பின்னைக் கவ்வியிருந்தது. கட்டை முழுதும் மேலே வராமலே சுரத்தைத் திருப்பி அடிக்க வேண்டும் என்பதற்காகத்தான் செபாஸ்டியன் எரார் 1821-இல் இந்த இரட்டை விடுப்பு அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். ஜாக் திரும்பி வரவில்லை என்றால் அந்தப் பயனே போய்விடுகிறது. உராய்வைத் தீர்க்காமல் ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள்.

மரமும்ஃபெல்ட்டும்

உராய்வு பற்றிச் சொன்னது சரி. என் பியானோவில் பின்கள் தளர்வாகவே இருந்தன. அங்கே காரணம் லெட்-ஆஃப்தான் என்பதில் மாற்றமில்லை.

சட்டம்முதலில்

என் கதை சிறியது. மேசையில் எல்லாக் கட்டையிலும் 10 மி.மீ. இறக்கம் சீராக இருந்தது. உள்ளே வைத்ததும் நடுப்பகுதியில் கூடிவிட்டது. பலமாக வாசித்தால் அடியில் டொக் டொக்கென்று மரச் சத்தம். இடது பெடலை மிதித்துக் கட்டைகளைத் தாங்கும் சட்டத்தை நகர்த்தினால் சத்தமும் இடம் மாறியது. கட்டைச் சட்டம் அடிப்பலகையில் சரியாகப் படியவில்லை.

இங்கே எழுதியவர்கள் எல்லாரும் மேலிருந்து கீழே வருகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். முதலில், கட்டைகள் ஊஞ்சலாடும் நடு ரெயிலான பாலன்ஸ் ரெயிலை அடிப்பலகையில் தாங்கும் கிளைடு திருகுகளை மேலேற்றி விட்டுவிடுங்கள். முன் ரெயிலும் பின் ரெயிலும் பலகையில் தட்டாமல் படிகிறதா என்று விரல் முட்டியால் தட்டிக் கேளுங்கள். பிறகு ஒவ்வொரு கிளைடையும் இறக்கி, அதன் அருகிலுள்ள கட்டையின் முனையைப் பாருங்கள். முனை எழத் தொடங்கினால் கிளைடு சட்டத்தைத் தூக்குகிறது என்று பொருள்; ஒரு நூல் திருப்பி விடுங்கள். ஆக்‌ஷனைச் சட்டத்தில் திருகி இறுக்கிய பிறகே இதைச் செய்ய வேண்டும், ஏனென்றால் அந்த இறுக்கமே சட்டத்தின் வளைவை மாற்றும். அதன்பின் கட்டை மட்டம், பிறகு ஜாக்கின் பின்விளிம்பை நக்கிளின் நடுவிலுள்ள மரத்துண்டோடு நேராக்குவது, வீச்சு, லெட்-ஆஃப், டிராப், இறக்கம், பேக்செக், கடைசியில் ஸ்பிரிங். பேக்செக் சுத்தியலைத் தந்திக்கு 15 மி.மீ. கீழே பிடித்தால் போதும். ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும்; அதனால் ஒவ்வொரு பகுதியிலும் இரண்டு மூன்று கட்டைகளை மாதிரியாக முடித்து, அவை நிலைக்கின்றனவா என்று பார்த்த பிறகே மற்றவற்றில் கை வையுங்கள்.

பழையதந்தி ஐயா, சட்டம் படிகிறதா என்று நீங்கள் சோதித்தீர்களா? இரண்டு மி.மீ. அங்கேயே ஒளிந்திருக்கலாம்.

பழையதந்தி

சோதித்தேன். சட்டம் நன்றாகவே படிந்திருக்கிறது. நக்கிள் தூரம்தான் காரணம் என்பது மாதிரிக் கட்டைகளில் உறுதியாகிவிட்டது. 15.5 போட்டால் கணக்கு சரியாக வருகிறது, ஆனால் இந்தச் சுத்தியல்களின் எடையில் விரல் களைத்துவிடும். 16 போட்டு, சுத்தியலின் மரப் பக்கங்களைச் சீவி எடையைக் குறைத்தேன். வீச்சு 45-க்குச் சற்றுக் குறைவு, இறக்கம் 10-க்கு ஒரு இழை அதிகம். ஜாக் விடுபட்ட பிறகு கட்டை இன்னும் ஒரு மி.மீ. இறங்குகிறது. வாசிப்பவருக்கும் பிடித்திருக்கிறது. மீதிக் காம்புகளை வரவழைத்துவிட்டேன். அவை வரும்வரை, தந்தியின் ஒலியை அடக்கும் டேம்பரைத் தொடப்போவதில்லை. சுத்தியல் பாதி வழி போகும்போது டேம்பர் எழ வேண்டும் என்பதால், வீச்சு முடிவாகாமல் அதை வைத்துப் பயனில்லை.