வியர்வை காயும் ஊர், காயாத ஊர்: நம் குமரி மாவட்டத்து அனுபவங்கள்

குலசேகரத்துக்காரர்:
வீடு குலசேகரம், வேலை முப்பந்தலில் காற்றாலைப் பராமரிப்பு. ஒரே மாவட்டம்தான், ஆனால் உடம்பு படும் பாடு வேறு. ஊரில் ரப்பர் தோட்டத்து நிழலில் சும்மா நின்றாலே முதுகு வழியே வியர்வை ஓடும், சட்டை ஒட்டிக்கொள்ளும், புழுக்கம் மட்டும் தணியாது. முப்பந்தலில் வெயில் மண்டையைப் பிளக்கும், ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வியர்வையை அரும்பும்போதே குடித்துவிடும்.

வியர்ப்பதால் உடம்பு குளிர்வதில்லை, வியர்வை காய்வதால்தான் குளிர்கிறது. ஒரு லிட்டர் வியர்வை தோலிலேயே ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோகும். சொட்டித் தரையில் விழுந்தால் அத்தனையும் வீண். ஈரக்காற்றில் நடப்பது அதுதான்.

காற்றடிக்கும் இடத்தில் ஆபத்து வேறு விதம். வியர்க்கவே இல்லை என்று தண்ணீரை மறந்துவிடுவோம். மாலையில் நீலச் சட்டையைக் கழற்றினால் அக்குளிலும் முதுகிலும் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும். புதிதாக வந்த தம்பி ஒருவன், "எனக்கு வியர்வையே வராது அண்ணே" என்று பெருமையடித்தான். மறுநாள் மதியம் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தடியில் உட்கார்ந்துவிட்டான். உப்புப் போட்ட கஞ்சித்தண்ணீர் கொடுத்தோம். இப்போது தண்ணீர் கேனை முதலில் தேடுகிறவன் அவன்தான்.

தூத்தூர் பக்கத்திலிருந்து:
அண்ணன் வெயிலைச் சொன்னார், நான் குளிரைச் சொல்கிறேன். நம் கடலில் குளிரா என்று சிரிக்க வேண்டாம். 2017 ஒக்கிப் புயலில் வள்ளம் கவிழ்ந்து, என் மாமா இரவு முழுவதும் அதைப் பற்றிக்கொண்டு மிதந்தார். கடல்நீர் சுமார் 28 டிகிரி, குளிக்க இதமானதுதான். ஆனால் உடம்பின் உள்சூடு 37. தண்ணீரோ காற்றைவிடச் சுமார் 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். மணிக்கணக்கில் கிடந்தால் அந்த இதமே சூட்டை உறிஞ்சிவிடும்.

முதலில் விரல்கள் வெளிறி மரத்தனவாம். தோலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்து, நெஞ்சிலும் வயிற்றிலும் சூட்டைக் காக்க உடம்பு செய்யும் ஏற்பாடு அது. பிறகு பல்லோடு பல் மோதும் நடுக்கம். தசைகள் தாமாகவே துடித்துச் சூடு உண்டாக்குகின்றன. அந்த நிலையிலும் அடிக்கடி சிறுநீர் முட்டியதுதான் மாமாவுக்கு இன்றும் வியப்பு. ரத்தம் உள்ளே கூடியதும் சிறுநீரகம் மிகுதி நீரை வெளியே தள்ளிவிடும் என்று பிறகு டாக்டர் விளக்கினார். கூட மிதந்தவருக்கு விடியும் முன் நடுக்கம் நின்று பேச்சு குழறியது. "இவனுக்குக் குளிர் விட்டது" என்று மாமா நிம்மதியடைந்தாராம்.

நாகர்கோவில் செவிலியர்:
பயப்பட வேண்டியதே அப்போதுதான் தம்பி. உள்சூடு 32 டிகிரிவாக்கில் இறங்கினால் நடுங்கக்கூட வலு இருக்காது. ஈரத்துணியைக் களைந்து, போர்த்தி, அசைக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். கை காலைத் தேய்க்கக் கூடாது. சாராயம் கூடவே கூடாது. அது தோலின் ரத்தக்குழாய்களை விரித்து மிச்சச் சூட்டையும் வெளியேற்றிவிடும். வெயிலிலும் குழறலைக் கவனியுங்கள்: உடம்பு கொதித்துப் பேச்சு தடுமாறினால் உடனே தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், ஆம்புலன்ஸை அழையுங்கள். மாமாவோடு மிதந்தவர் பிழைத்தாரா?

தூத்தூர் பக்கத்திலிருந்து:
பிழைத்தார் அக்கா. காலையில் வேறொரு படகு வந்து தூக்கியது. ஏறியதும் அவர்கள் முதலில் நீட்டியது சாராயத்தைத்தான். நல்லவேளை, வாயைத் திறக்க முடியாமல் எல்லாம் வெளியே வழிந்துவிட்டதாம்.