அம்பாசிடர் டாஷ்போர்டும் தொடுதிரையும்: ஓட்டியவர்களின் அனுபவங்கள்

திருச்சியிலிருந்து, ஓய்வுபெற்ற வங்கி அலுவலர்

நான் கார் ஓட்டக் கற்றது 1984-இல், என் மாமாவின் மார்க் 3 அம்பாசிடரில். கற்றுக்கொடுத்தவர் மாமாவின் ஓட்டுநர். வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே இரண்டு நாட்கள் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்து, கண்களை மூடிக்கொண்டு குளிர்ந்த எஞ்சினைக் கிளப்ப இழுக்கும் சோக் எது, வைப்பர் எது, விளக்கின் சுவிட்ச் எது என்று கையால் தொட்டுக் காட்டச் சொன்னார். அந்த வண்டியில் அது பெரிய வித்தையன்று. விரல்விட்டு எண்ணக்கூடிய சுவிட்சுகள்தான் இருந்தன. ஒவ்வொன்றும் தன் இடத்தைவிட்டு ஒருநாளும் நகராது. கியர் தண்டு ஸ்டியரிங்கின் இடப்பக்கத்தில் இருந்ததால் முன்னிருக்கை ஒரே நீளப் பலகையாக இருந்தது, குடும்பத்துடன் போகும்போது என் முழங்கைக்கும் மாமாவின் தோளுக்கும் நடுவே எப்போதும் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்.

ஹெட்லைட்டை டிம் செய்வதற்குக் கையே தேவைப்படவில்லை. கிளட்சுக்குப் பக்கத்தில் தரையில் இருந்த குமிழை இடது காலால் ஒருமுறை மிதித்தால் விளக்கு தாழும், மறுமுறை மிதித்தால் எழும். திண்டுக்கல் சாலையில் இரவில் எதிரே லாரி வரும்போது மனம் நினைப்பதற்குள் கால் அந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் வளைவில் கியர் மாற்ற வேண்டிய அதே நொடியில் டிம்மும் செய்ய வேண்டியிருந்தால் ஒரு காலுக்கு இரண்டு வேலை வந்து சேரும் என்பதையும் சொல்லியாக வேண்டும். நான் பலமுறை கியரைத் தேர்ந்தெடுத்து எதிரே வந்தவரின் வசவை வாங்கியிருக்கிறேன்.

சென்ற ஆண்டு நவம்பரில் என் மகளின் மின்சாரக் காரைச் சென்னைக்கு ஓட்டிச் சென்றேன். திண்டிவனத்தைத் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது, ஏசியை நிறுத்தி வைத்திருந்ததால் முன்கண்ணாடியில் உள்பக்கமாக ஆவி படிந்தது. அம்பாசிடராக இருந்தால் கதவிலுள்ள முக்கோணக் கண்ணாடியைத் திருப்பிவிட்டு, டாஷ்போர்டின் கீழ்த்தட்டில் கிடக்கும் துணியால் ஒரு துடைப்புத் துடைத்திருப்பேன். இந்த வண்டியிலோ திரை முழுவதையும் வழிகாட்டும் வரைபடம் பிடித்துக்கொண்டிருந்தது. அதை விலக்க ஒரு தொடுகை, ஏசிப் பக்கத்தைத் திறக்க இன்னொன்று, ஆவி நீக்கும் படத்தை அழுத்த மூன்றாவது. விரலில் ஈரம் இருந்ததால் மூன்றாவது தொடுகையைத் திரை ஏற்றுக்கொள்ளவில்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் கடந்துபோகிறது. ஆறு நொடி திரையைப் பார்த்திருந்தால் ஏறத்தாழ 130 மீட்டர் சாலையை நான் பார்க்கவேயில்லை. பக்கத்திலிருந்த மகள்தான் கையை நீட்டி அழுத்தினாள். மற்றவர்களுக்கும் இப்படி நேர்ந்திருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன்.

மதுரையிலிருந்து, ஆட்டோ எலக்ட்ரீஷியன்

ஐயா சொன்னது ஓட்டுபவரின் சங்கடம். பழுது பார்ப்பவனின் சங்கடம் வேறு. பழைய மீட்டர் போர்டு தன் நோயைத் தானே சொல்லும். கியர்பாக்ஸிலிருந்து சுழன்று வரும் கேபிள், மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுழற்றுகிறது; அதைச் சூழ்ந்துள்ள அலுமினியக் கிண்ணத்தைக் காந்தம் தொடாமலே இழுக்க, ஒரு மெல்லிய சுருள்வில் எதிர்த்துப் பிடிக்க, அந்த இழுபறியில் முள் நிற்கும் இடம்தான் வேகம். முள் நடுங்கினால் கேபிள் காய்ந்துவிட்டது, கிரீஸ் தடவினால் போதும். முள் செத்துப்போனால் கேபிள் அறுந்துவிட்டது. வண்டிக்காரருக்கே பாதி தெரிந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் ஒருவர், திரை இருண்டுவிட்ட ஒரு புது வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார். திரை போனதோடு ஏசியின் அளவை மாற்றும் வழியும், ரிவர்ஸ் கேமராவும் சேர்ந்து போய்விட்டன. பழைய வண்டியில் ரேடியோ கெட்டால் ரேடியோ மட்டும்தான் கெடும். விற்ற இடத்தில் முழு அலகையும் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். நான் செய்தது, பவர் பொத்தானைச் சற்று நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தது மட்டுமே. திரை உயிர்பெற்றது, ஆனால் ஏன் இருண்டது என்று என்னால் அவருக்குச் சொல்ல முடியவில்லை. கூலி கேட்கவே கூச்சமாக இருந்தது.

ஜெர்மனியிலிருந்து, யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்

எங்கள் அப்பாவிடம் மொரிஸ் மைனர் இருந்தது. அதன் டாஷ்போர்டின் நட்டநடுவில் ஒரே ஒரு பெரிய வட்டம். மைல் கணக்கில் வேகமும், அதற்குள்ளேயே பெட்ரோல் அளவும். இடப்பக்க ஓட்டத்துக்கும் வலப்பக்க ஓட்டத்துக்கும் ஒரே தகடு போதும் என்று உற்பத்தியாளர்கள் போட்ட சிக்கனக் கணக்கு அது. எஞ்சினின் சூட்டைக் காட்ட முள் எதுவும் கிடையாது. தொண்ணூறுகளில் பெட்ரோல் கிடைக்காத காலத்தில் கொஞ்சம் பெட்ரோலில் எஞ்சினைக் கிளப்பிப் பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். போதுமான அளவு சூடேறிவிட்டதா என்பதை அப்பா காதால்தான் அறிவார். ஆகவே பழைய டாஷ்போர்டு எல்லாவற்றையும் காட்டியது என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அது கொஞ்சமே காட்டியது, மிச்சத்தை நாங்கள் கற்றுக்கொண்டோம்.

இங்கே வந்து நான் ஓட்டிய கார்களில் திரை பெருகப் பெருக, ஒரு தீர்ப்பு என் நினைவில் தங்கிவிட்டது. பெருமழையில் ஒருவர் தன் டெஸ்லாவின் வைப்பர் வேகத்தைத் திரையில் மாற்ற முயன்று, சாலையைவிட்டு விலகி மரங்களில் மோதினார். வைப்பருக்காக இருந்தாலும் தொடுதிரை ஒரு மின்னணுச் சாதனமே, ஆதலால் கைப்பேசிக்கு உள்ள விதி இதற்கும் பொருந்தும் என்று கார்ல்ஸ்ரூஹே மேல் நீதிமன்றம் 2020-இல் கூறி, 200 யூரோ அபராதத்தையும் ஒரு மாத ஓட்டத் தடையையும் உறுதிசெய்தது. அப்படி வடிவமைத்தவர் வேறு, தண்டம் கட்டியவர் வேறு.

2022-இல் ஸ்வீடனின் ‘வி பில்ஏகரே’ என்ற கார் இதழ், மணிக்கு 110 கிலோமீட்டரில் ஓடும் வண்டிகளில் ஒரே மாதிரியான சில வேலைகளைச் செய்யச் சொல்லி நேரம் அளந்தது. 2005-ஆம் ஆண்டின் வோல்வோ வி70 காரில், பொத்தான்களைக் கொண்டு 10 நொடியில், 306 மீட்டர் தூரத்துக்குள் எல்லாம் முடிந்தன. எம்ஜி மார்வெல் ஆர் என்ற புதிய காரில் 44.9 நொடியும் 1,372 மீட்டரும் ஆயின. இந்த எண்களைப் படித்த பிறகு, ஓடும்போது திரையைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே விதித்துக்கொண்டேன். குளிர்காலத்தில் அந்த விதி தினமும் மீறப்படுகிறது.

ஒரகடத்திலிருந்து, கார் உட்புற உதிரிபாக வடிவமைப்பாளர்

திரையைத் திட்டும் கூட்டத்தில் அதைச் செய்பவன் ஒருவன் பேசுவது முறைதானா என்று தயங்கினேன். பழைய டாஷ்போர்டின் இன்னொரு முகத்தை யாரும் சொல்லவில்லை. அது இரும்புத் தகடு. அதிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த சோக் குமிழும் விளக்குக் குமிழும் மோதலின்போது மார்பிலும் முகத்திலும் குத்தின. உட்புறப் பரப்புகள் மோதலின் வேகத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற பாதுகாப்பு விதி 1968-இல் அமெரிக்காவில் வந்தது, மெத்தைபோன்ற டாஷ்போர்டும் உள்ளடங்கிய குமிழ்களும் பரவுவதற்கு அது ஒரு பெரிய காரணம். நான் பயிற்சிக்குச் சேர்ந்த இடத்தில் ஒரு பழைய தகட்டு டாஷ்போர்டை வைத்திருந்தார்கள். அதன் விளிம்பை உள்ளங்கையால் அழுத்திப் பார்த்த அன்று எனக்குப் பழைமைமேல் இருந்த மோகம் பாதியாகக் குறைந்தது.

திரை வந்ததற்கும் காரணம் உண்டு. 2018 மே மாதத்திலிருந்து அமெரிக்காவில் விற்கும் புதிய கார்களுக்கு ரிவர்ஸ் கேமரா கட்டாயம். கேமராவுக்குத் திரை வேண்டும். எப்படியும் ஒரு திரை வைத்தாக வேண்டும் என்றான பின், தனி அச்சு, தனி வயர், தனிச் சோதனை என்று செலவு வைக்கும் ஒவ்வொரு பொத்தானையும் அதற்குள் தள்ளிவிடும் ஆசை கணக்குப் பார்ப்பவர்களுக்கு வந்துவிடுகிறது. நாங்கள் வரைந்த இரண்டு குமிழ்கள் கடைசிக் கூட்டத்தில் காணாமற்போனதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். மறுத்துப் பேச எங்களிடம் அப்போது விதியும் இல்லை, எண்ணும் இல்லை. இப்போது கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திர மதிப்பீடு தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, இண்டிகேட்டர், அபாய விளக்கு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனிப் பொத்தான் அல்லது தண்டு இல்லாத காருக்கு 2026 முதல் ஐந்து நட்சத்திரம் கிடைப்பதைக் கடினமாக்கியிருக்கிறது. ஆவி நீக்கும் பொத்தான் அந்தப் பட்டியலில் இல்லை, ஐயா. உங்களுக்கு அது ஆறுதலாக இராது.

திருச்சியிலிருந்து, மீண்டும்

எல்லாருக்கும் நன்றி. ஒரகடத்து நண்பர் சொன்ன தகட்டு விளிம்பில் என் மாமா மகனின் முன்பல் ஒன்று போனது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அது மோதல்கூட அன்று, ஒரு திடீர் பிரேக். இன்றைய வண்டியில் 80-ஐத் தாண்டினால் ஒலிக்கும் எச்சரிக்கை மணியையும் நான் குறைசொல்ல மாட்டேன், 2019 ஜூலையிலிருந்து அது எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது நல்லதே.

திண்டிவனத்து மழைக்குப் பிறகு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏசிப் பக்கம் எப்போதும் திறந்திருக்கும்படி வைத்துவிட்டு, ஆவி நீக்கும் படத்துக்கு நேர்கீழே, திரையின் சட்டத்தில் என் மனைவியின் கல்வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டினேன். விரல் பொட்டைத் தடவி அதிலிருந்து ஓர் அங்குலம் மேலே போனால் போதும், பார்க்கவே வேண்டியதில்லை. மூன்று மாதங்கள் அது பிசகாமல் வேலை செய்தது. சென்ற வாரம் காருக்கு ஏதோ மென்பொருள் புதுப்பிப்பு இரவோடிரவாக இறங்கியிருக்கிறது. நேற்றுக் காவிரிப் பாலத்தில் தூறல் விழுந்தபோது வழக்கம்போல் பொட்டைத் தடவி மேலே அழுத்தினேன். கண்ணாடி அப்படியே மங்கியிருக்க, காரின் உள்ளே இருந்த அலங்கார விளக்குகள் எல்லாம் ஊதா நிறத்துக்கு மாறின.