கூடலூர் நோயாளிகள் வீட்டுப் பராமரிப்புத் தன்னார்வலர் குழு (வாட்ஸ்அப்)

ஞாயிறு, இரவு 9:40
(டீச்சர் அக்கா குழுவிலிருந்து வெளியேறினார்)

பால் பூத் அண்ணன்: என்ன ஆச்சு? கை தவறிப் பட்டிருக்கும். யாராவது சேர்த்துவிடுங்கள்.

நர்ஸ் அக்கா: கை தவறவில்லை அண்ணா. இன்று தேவாலா எஸ்டேட் லயன் வீட்டுத் தாத்தாவைப் புரட்டிப் படுக்கவைக்கும்போது அவர் வலிக்குது என்றிருக்கிறார். "கொஞ்சம் சும்மா இருங்க"ன்னு கத்திவிட்டாளாம். வெளியே வந்து ஸ்கூட்டியில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள்.

மருந்துக்கடைத் தம்பி: டீச்சர் அக்காவா? அவங்க குரல் உயர்ந்தே நான் கேட்டதில்லையே.

நர்ஸ் அக்கா: அதுதான் பயமாக இருக்கிறது. 'பர்ன் அவுட்', அதாவது ஓயாத வேலையில் மனமும் உடம்பும் தீய்ந்துபோவது பற்றி ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் எழுதினார். பகலில் சொந்த வேலை, இரவில் நியூயார்க்கில் ஒரு இலவச கிளினிக். தன்னையும் கூட வேலை பார்த்தவர்களையும் கண்டுதான் எழுதினார். சட்டென்று கோபம் வருவதும் அதில் ஒரு அறிகுறி.

பால் பூத் அண்ணன்: போன மாதம்தானே டீச்சருக்குச் சால்வை போட்டோம்!

ஆட்டோ மாமா: சால்வையை விடுங்க. இப்போதுதான் மேலே தள்ளிப் பார்த்தேன். ஜூன் மழையில் "திங்கட்கிழமை யாராவது போக முடியுமா" என்று டீச்சர் 4 தடவை கேட்டிருக்கிறார். பதிலுக்குக் கும்பிடும் கை 11, ரோஜாப்பூ ஒன்று. போனது டீச்சர்தான். அந்தக் கும்பிடுகளில் ஒன்று என்னுடையது.

பால் பூத் அண்ணன்: மழை, மண் சரிவு, யானை வேறு...

ஆட்டோ மாமா: டீச்சர் ஸ்கூட்டிக்கு மட்டும் யானை வழிவிடுமா?

நிலம்பூர் மருமகள்: நாடுகாணி மலைப்பாதையில் இறங்கினால் எங்கள் மலப்புரம். அங்கே பாலியேட்டிவ் (தீராத நோயாளிகளின் வலி, வேதனையைத் தணிக்கும்) வேலைக்கு ஆள் சேர்க்கும்போது "வாரத்துக்கு 2 மணி நேரமாவது தர முடியுமா" என்று கேட்பார்கள். பயிற்சியும் உண்டு. நாம் யாரிடமும் நேரம் கேட்கவே இல்லை. மறுக்கத் தெரியாதவர் தலையில் கட்டிவிட்டோம்.

இரவு 10:25

பால் பூத் அண்ணன்: சரி, திங்கள் நான். 10 மணிக்கு மேல் வருகிறேன். ஆனால் தாத்தாவைப் புரட்டத் தெரியாது.

நர்ஸ் அக்கா: முதல் இரண்டு வாரம் கூட வந்து காட்டுகிறேன்.

ஆட்டோ மாமா: புதன் என்னுடையது.

மருந்துக்கடைத் தம்பி: வெள்ளி சாயங்காலம் நான். டீச்சர் அக்காவை இப்போது சேர்க்கட்டுமா?

நர்ஸ் அக்கா: வேண்டாம். சேர்த்தால் "நானே போகிறேன்" என்பாள். தீபாவளி வரை விடுங்க.

பால் பூத் அண்ணன்: பிபி மெஷின் அவர் வீட்டில் இருக்கிறதே, வாங்கி வரட்டுமா?

நர்ஸ் அக்கா: போகாதீங்க அண்ணா. டீ போட்டு உட்காரவைத்து, தாத்தாவுக்கு எந்தப் பக்கம் புண் என்று ஒரு மணி நேரம் சொல்வாள். என்னிடம் பழைய மெஷின் இருக்கிறது.